லேசு நடை அக்கா

எங்கள் ஊரில் ஒருவர் நடந்து போனால் எதிரே வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "எங்க போறிய?" என்பதுதான். கேட்கிறவருக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆனாலும் நடக்கிறவரிடம் ஒரு பதில் இருந்தாக வேண்டும். ரேஷன் கடைக்கு. பாறசாலைக்கு. சாவு வீட்டுக்கு. பல்லு பிடுங்க. பதில் இல்லாமல் எங்கள் ஊரில் நடந்த ஒரே ஆள் அந்த அக்காதான்.

"எங்க போறிய?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கேன்."

"நடந்து?"

"நடந்து, பின்ன திரும்பி வருவேன்."

கேட்டவர் அப்படியே நின்று அக்கா போவதைப் பார்ப்பார். அக்கா வளைவு திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். வயதான ஒரு பெண், கணுக்கால் வரை பூட்ஸ், சேலைக்கு மேல் இடுப்பில் முடிந்த மழைக்கோட்டு, இரண்டு கையிலும் இரண்டு மெலிந்த கம்பு. இந்தக் கோலத்தில் ஒருவர் காரியம் இல்லாமல் போகிறார் என்றால் யார் நம்புவார்கள்?

அக்கா வேல்ஸ் நாட்டில் ஆற்றோரமாக உள்ள ஒரு சின்ன டவுனில் நர்ஸாக இருந்தவர். அந்த ஊரின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி வைத்து இரண்டு பக்கமும் காற்றை விட வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். என் வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. "விடு மக்கா. அவங்களுக்கு நம்ம 'ழ' வராது. நமக்கு அவங்க ஊரு வராது. ரெண்டும் சரியாப் போச்சு" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகளை அங்கேயே விட்டுவிட்டு, கேரள எல்லைக்குள், அமரவிளைப் பாலத்துக்குக் கிழக்கே நெய்யாறு ஓடுகிற கரையில் உள்ள எங்கள் ஊருக்கு, பூட்டிக் கிடந்த அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்கு எதிர் வீடு.

அந்த வேல்ஸ் டவுனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைச் சுற்றி நடக்கப் போவார்களாம். மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு நடை, வயதானவர்களுக்கு ஒரு நடை. வயதானவர்களுக்கானதை 'ஈஸி வாக்' என்பார்களாம். அக்கா அதை 'லேசு நடை' என்று தமிழாக்கினார். அந்தப் பெயரே அவருக்கு விழுந்துவிட்டது.

வந்த புதிதில் நடந்த குழப்பத்தைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் புதிய ரோடு வருகிறது, ரயில் வருகிறது என்று ஆளுக்கொரு பேச்சாகக் கிடந்தது. அக்கா ஒருநாள் காலையில் கம்பு இரண்டையும் ஊன்றி ஊன்றி, தென்னையும் வாழையும் நிற்கிற விளைகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் போயிருக்கிறார். ஓர் இடத்தில் நின்று தண்ணீர் குடித்திருக்கிறார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அந்த விளைக்காரர் ஆதாரம், வரி ரசீது, தண்டப்பேர் என்று நிலத்துப் பத்திரம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நிற்கிறார்.

"எனக்க விளை வழியாத்தானா லைன் போவுது?"

"என்ன லைன்?"

"நீங்க கம்பு நாட்டிப் பாத்தியளே."

"அது நான் விழாம இருக்கியதுக்காக்கும்" என்றார் அக்கா. விளைக்காரர் நம்பவில்லை. நின்ற இடத்தைக் கொஞ்சம் மாற்றி, பக்கத்து விளையில் நிற்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சர்வேக்காரி இல்லை என்று ஊருக்குப் புரிந்த பிறகு அடுத்த தொல்லை ஆரம்பித்தது. காரியம் இல்லாமல் நடக்கிற ஓர் ஆளைச் சும்மா விட எங்கள் ஊருக்கு மனம் வரவில்லை. "சும்மாதான போறிய? அப்பம் இந்தக் கவரை எனக்க மதினிக்கிட்டக் குடுத்திருங்க." "கைதச்சக்கை ஒண்ணு இருக்கு, சர்ச்சுல மணி அடிக்கிய கோயில்குட்டி வீட்டுல குடுக்கணும்." அந்த அன்னாசிக்குப் பிறகு கல்யாணக் கடிதம், கோழிமுட்டை, கண்ணாடி, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். எல்லாவற்றையும் அக்கா முதுகுப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். சேவல் மட்டும் தலையை வெளியே நீட்டி, எதிரே வந்த எல்லோரையும் பார்த்துக்கொண்டே போனது. ஆனால் யார் என்ன கொடுத்து விட்டாலும், வழியில் "எங்க போறிய?" என்று கேட்டால், "மதினி வீட்டுக்கு" என்று அக்கா சொன்னதே இல்லை. "எங்கயும் இல்ல" என்பதுதான் பதில். அதில் மட்டும் பிடிவாதம்.

நான் அந்த நடையில் மாட்டிக்கொண்டது சர்க்கரையால். நெய்யாற்றின்கரை டவுனில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள் முழுவதும் உட்கார்ந்த வேலை. இடையிடையே கோர்ட் வாசல் சாயாவும் பழம்பொரியும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துப் பேசினார். அவள் நேரே அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் கம்பு தட்டுகிற சத்தம்.

"வா மக்கா. லேசு நடையாக்கும். பேடிக்காண்டாம்."

முதல் ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா நின்றார். "நடக்கும்போ ஒரு பாட்டு பாட முடியணும். பாட முடிஞ்சா அது லேசு நடை. முடியல்லன்னா நீ ஓடுதன்னு அர்த்தம். பாடு."

"இந்த நேரத்துலயா?"

"பின்ன எப்பம்?"

எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற கீர்த்தனைகள்தான். ஒன்றைப் பாடினேன். அக்காவும் சேர்ந்து இரண்டாம் குரல் எடுத்தார். விடியற்காலையில் இரண்டு பேர் கீர்த்தனை பாடிக்கொண்டு ரோட்டில் போனால் என்ன நினைப்பார்கள்? ஒரு வீட்டிலிருந்து வயதான அம்மா ஒருவர் முட்டாக்குப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, "பிரேயர் டீமா? எனக்கு முழங்கால் வேதனைக்கு ஒண்ணு ஜெபிச்சிட்டுப் போங்க" என்று எங்கள் முன்னால் குனிந்து நின்றார். நான் விழித்தேன். அக்கா கம்புகளை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவின் தலையில் கை வைத்துச் சுருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு கீழே உட்கார்ந்து முழங்காலை அமுக்கிப் பார்த்து, "நீர் கோர்த்திருக்கு. நாளைக்கே எலும்பு டாக்டரைப் பாக்கணும், கேட்டியளா? ஜெபத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஒருநாள் ஆற்றுப்படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் இப்படி எங்கேயும் போகாமல் நடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"அந்த ஆசுபத்திரியில நான் நடந்ததே இல்ல மக்கா. ஓட்டம். பெல் அடிச்சா ஓடணும். எனக்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வேதனை வந்து அதே ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. மேல் மாடியில எனக்க டூட்டி. ஓடி இறங்கி வந்தேன். நான் வாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." ஆற்றில் ஒரு காய்ந்த தென்னை ஓலை மிதந்து போனது. அது பாலத்தடியில் மறையும் வரை பார்த்தார். "அதுக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் தட்டி, வா நடக்கலாம்னு விளிச்சா. எங்கன்னு கேட்டேன். எங்கயும் இல்லன்னா. அந்த ஒரு வாக்கைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துது. அதுவரைக்கும் வரவே இல்ல."

பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "நடை. உக்காந்தா சர்க்கரை கூடும்" என்றார். நான் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இனி சிகாமணி மாமாவின் வாசல் கேட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தாலுகாவில் கொலைக் கேஸ் குறைவு. வழிக் கேஸ்தான் அதிகம். என் விளை வழியாக நீ நடக்கக் கூடாது, என் அப்பா காலம் முதல் நான் நடந்தேன், இவ்வளவுதான் கதை. இதற்கு அண்ணன் தம்பிகள் பேசாமல் இருப்பார்கள், சாவுக்கும் போக மாட்டார்கள். சிகாமணி மாமாவுக்கும் லீலாவுக்கும் நடந்ததும் அதுதான். ரோட்டோரம் சிகாமணி மாமாவின் வீடு. அதற்குப் பின்னால் அவர் மரவள்ளி போட்டிருந்த மரச்சீனி விளை. விளைக்கும் பின்னால், ஆற்றை ஒட்டி லீலாவின் வீடு. லீலா புருஷன் இறந்த பிறகு தையல் வேலை செய்து பிள்ளையை ஆளாக்கியவள். அவளுடைய வீட்டு இடம் சிகாமணி மாமாவின் தம்பியிடமிருந்து வாங்கியது. வழி உண்டு என்று தம்பி வாயால் சொல்லி விற்றுவிட்டுச் செத்துப்போனார். எழுதிக் கொடுக்கவில்லை. லீலா வீட்டு ஆட்கள் மரச்சீனி விளை ஓரமாக நடந்தார்கள். ஒருநாள் யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக, ஊரில் உள்ள ஆடுகள் எல்லாம் உள்ளே வந்து ஒரு விளைச்சலையே தின்று தீர்த்துவிட்டன. சிகாமணி மாமா கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். லீலா கேஸ் போட்டாள். கேஸ் முடிகிற வரைக்கும் அவள் ஆற்றோர வரம்பில் சுற்றி, படித்துறை வழியாகத்தான் ரோட்டுக்கு வந்தாள்.

இதில் எங்கள் வக்கீல் சிகாமணி மாமா பக்கம். அதாவது நானும்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஒருநாள் நேரே அந்தக் கேட்டின் முன்னால் போய் நின்றார். நான் அவருடைய முதுகுப் பையைப் பிடித்து இழுக்காத குறை. உள்ளே சிகாமணி மாமா பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"குட்மார்னிங்" என்றார் அக்கா.

மாமா வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "எங்க போறிய?"

"எங்கயும் இல்ல. இந்த வழியா ஆத்துக்கரைக்கு இறங்கி அங்கோட்டு நடக்கலாம்னு."

"வழி கிடையாது. கேஸ் உண்டு."

"எனக்கு வழி வேண்டாம். ஒருக்கா நடந்தா போதும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தென்னையைப் பார்த்தேன். வழி வேண்டாம், நடந்தால் போதும் என்று கேட்கிற ஆள் மேல் கேஸ் போடவும் முடியாது. பூட்டைத் திறந்தார். அக்கா உள்ளே நுழைந்தார், திரும்பினார், கேட்டைச் சாத்தினார், கொண்டியை மாட்டினார், ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அந்த வேல்ஸ் ஊரில் அப்படித்தானாம். ஆட்டுக்காரனின் விளை வழியாக யாரும் நடக்கலாம், ஆனால் திறந்த கேட்டைச் சாத்தாமல் போகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்களாம். மாமா அந்தக் கொண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முதல் அக்கா வருகிற நேரத்துக்குப் பூட்டு திறந்திருக்கும். அவர் போனதும் மறுபடி பூட்டப்படும்.

இந்தச் செய்தி லீலா வீட்டுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரம் அக்கா ஆற்றங்கரையிலிருந்து விளை வழியாகத் திரும்பும்போது பின்னால் லீலாவின் பேத்தி அங்கன்வாடிக்குப் போகிற கோலத்தில் ஒட்டிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் மீன்காரி. பிறகு லீலாவின் மகள் அஜிதா. புருஷன் கல்ஃபில், அவள் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ஆடி ஆடி வந்தாள். அக்காவோடு நடப்பவர்களை எப்படித் தடுப்பது? சிகாமணி மாமா ஒவ்வொருவரையும் பார்த்து, "எங்க போறிய?" என்பார். அவர்களும் அக்காவிடம் கற்றுக்கொண்டு, "எங்கயும் இல்ல" என்பார்கள். மீன்காரி தலையில் கூடையோடு அதைச் சொன்னபோது மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீலா மட்டும் அந்தக் கூட்டத்தில் வரவே இல்லை. வரம்பு வழியாகத்தான் போனாள்.

எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "எடோ, நம்ம கட்சிக்காரன் விளையில நீ தினமும் நடக்கியாமே?"

"சர்க்கரைக்கு சார்."

"எதிர்க்கட்சி வக்கீல் உன்னைச் சாட்சிக் கூண்டுல ஏத்தினா நீ கோர்ட்டுல என்ன பறைவ? சர்க்கரைன்னா? வேற வழியில நடடே. இல்லன்னா வேற ஆபீசு பாக்கணும்."

அதன் பிறகு நான் கேட் வரைக்கும் போய், ரோட்டில் சுற்றிக்கொண்டு ஓடி, படித்துறையில் அக்காவைப் பிடிப்பேன். "இது லேசு நடை இல்ல மக்கா" என்பார் என் மூச்சைக் கேட்டுவிட்டு.

அந்த வருஷம் ஜூனில் வந்த இடவப்பாதி மழையில் அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். நெய்யாறு சிவந்து பெருகி, படித்துறை மறைந்து, லீலா நடக்கிற வரம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. அன்று காலையிலும் ஜன்னலில் கம்பு தட்டியது. மழைக்கோட்டுக்குள்ளிருந்து, "நனைஞ்சா வெயில்ல உணங்கும்" என்று அக்கா சொன்னார். நான் குடையோடு பின்னால் போனேன். இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று சிகாமணி மாமா கேட்டைப் பூட்டியே வைத்திருந்தார். அக்காவைக் கண்டதும் முணுமுணுத்துக்கொண்டு குடையும் சாவியுமாக வந்தார். அப்போதுதான் விளைக்கு அந்தப் பக்கமிருந்து லீலாவின் குரல் கேட்டது. அக்காவின் பெயரைச் சொல்லி அலறினாள்.

நான் ஓடத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ ஆட்டோவுக்கு விளி. ஓடிப் போனா கை நடுங்கும். நான் நடந்து போறேன்." கேட்டுக்குள் நுழைந்து, மழையில், எப்போதும் நடக்கிற அதே நடையில் போனார். அன்றைக்குக் கேட்டைச் சாத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் மரச்சீனிச் செடிகளுக்கு நடுவே அவர்கள் வருவது தெரிந்தது. அஜிதா அக்காவின் தோளில் சாய்ந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, நாலடி நடப்பாள், நிற்பாள், அக்காவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கத்துவாள். அக்கா அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் லீலா, பையோடு. எதிரே சிகாமணி மாமா குடையைப் பிடித்துக்கொண்டு சிலை போல நின்றார். ஆட்டோக்காரன் பாலத்தில் தண்ணீர் என்று போனில் சொன்னான்.

வீட்டுப் பக்கம் வந்ததும் அக்கா அஜிதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "இனி ஆட்டோ வாறது வரைக்கும் பிள்ளை பொறுக்காது. வீட்டைத் திறங்க."

"எனக்க வீட்டுலயா?"

"பின்ன, மரச்சீனிக்கு நடுவுலயா?"

லீலா பின்னாலிருந்து சொன்னாள். "அந்த வீட்டுல நான் கேற மாட்டேன்."

"அம்மா, நீ கேறாண்டாம்!" என்று அஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "நான் கேறுதேன்!"

உள்ளே மாமாவின் மனைவி தங்கம் மாமி யாரிடமும் கேட்காமலே கட்டிலில் துணி விரித்து, அடுப்பில் தண்ணீர் ஏற்றிவிட்டிருந்தார். கதவைச் சாத்தினார்கள். வீட்டு முன்பக்கச் சிட்அவுட்டில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். கூரைக்குக் கீழே வந்த பிறகும் மாமா குடையை மடக்கவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. லீலா சொன்ன வாக்கு தவறாமல் முற்றத்தில் மழையில் நின்றாள். நான் என் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

உள்ளே அஜிதாவின் சத்தம் உயர்ந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "எலே, ஏதும் ஆவாதில்லியா?" என்றார் என்னிடம். "எனக்க வீட்டுல வச்சு ஏதும் ஆயிட்டா..." கேஸ் போட்ட நாளிலிருந்து அவர் எங்கள் ஆபீசுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். இப்படி ஒரு குரல் நான் கேட்டதில்லை. அக்காவின் சத்தம் மட்டும் உயரவே இல்லை. "பைய. பைய மக்களே. அவசரம் ஒண்ணும் இல்ல. எங்கயும் போவாண்டாம்."

பிறகு கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் லீலா முற்றத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பிள்ளை அழுதது.

லீலா எழுந்து, எங்கள் இருவரையும் தாண்டி, ஈரச் சேலையோடு அந்த வீட்டுக்குள் போனாள். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டார்.

பெண்பிள்ளை. மழை வெறித்ததும் ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அக்கா கையைக் கழுவிவிட்டு, தங்கம் மாமி கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, "பாக்கி நடக்கணும். வாறியா?" என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் தனியாகப் போனார்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட எங்கள் வக்கீல் தலையில் கை வைத்தார். "நடந்தான்னா சமாளிக்கலாம், சைக்கிள்ல போனான்னா சமாளிக்கலாம். கட்சிக்காரனுக்க கட்டில்லயே பெத்திருக்காளே! இனி எங்க போய் வாதாட?"

ஆனால் வாதாட ஆளே வரவில்லை. சிகாமணி மாமா பூட்டை எடுத்துவிட்டார். கேட்டில் கொண்டி மட்டும்தான். கண்ட இடத்தில் கண்டவர்களிடமெல்லாம், "எனக்க வீட்டுல பிறந்த பிள்ளையாக்கும்" என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், போனில்தான் பார்த்திருக்கிறார். இந்தப் பிள்ளை அந்த வழியாக எப்போது வரும் என்று காலையும் மாலையும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பிள்ளை வரவில்லை. இப்போது லீலாதான் வீம்பு பிடித்தாள். "ஒரு பேறுகாலத்தைக் காட்டி வழி வாங்கினவளுன்னு எனக்குப் பேர் வேண்டாம். கோர்ட்டு சொல்லட்டும், அப்பம் நடக்கேன்." ஆறு வடிந்ததும் வீட்டில் எல்லோரையும் வரம்பு வழியாகவே நடத்தினாள். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் துணியில் சுற்றி, வழுக்குகிற வரம்பில் அவள் தூக்கிக்கொண்டு போவதைச் சிகாமணி மாமா தூரத்திலிருந்து பார்த்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். வழியைப் பூட்டிய ஆள் வழியில் நடக்கச் சொல்லிக் கெஞ்ச, வழி கேட்டுக் கேஸ் போட்டவள் நடக்க மாட்டேன் என்கிற கேஸை எங்கள் வக்கீல் அவருடைய சர்வீஸில் கண்டதில்லை.

அக்கா யாருக்கும் புத்தி சொல்லவில்லை. புத்தி சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. ஊருக்கு லீவில் வந்த ஒரு நர்ஸின் கையில், மகளிடம் சொல்லி, குழந்தையை வைத்துத் தள்ளுகிற வண்டி ஒன்றை வரவழைத்தார். அடுத்த நாள் காலையில் அந்தக் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு சிகாமணி மாமாவின் கேட்டுக்கு வந்தார். வக்கீலைப் பற்றிய பயம் போயிருந்ததால் நானும் கூட இருந்தேன்.

"இது என்ன?" என்றார் மாமா.

"பிள்ளைக்கு வண்டி. அஜிதாவும் நானும் பிள்ளையைக் கொண்டு நடக்கலாம்னு."

மாமாவின் முகம் மலர்ந்தது. "இந்த வழியாத்தான?"

அக்கா வண்டியை விளைக்குள் கொஞ்ச தூரம் தள்ளிக் காட்டினார். கல்லிலும் வேரிலும் மோதி அது குலுங்கிக் குலுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "பாத்தியளா? சின்ன சக்கரம். இதுல பிள்ளையை வச்சா தலை ஆடிப்போகும். வரம்பு இதைவிடக் கொஞ்சம் மேடு பள்ளம் இல்லாம நிரப்பா இருக்கு. அங்க தள்ளிப் பாக்கேன்."

"அந்த வரம்புலயா? ஒருபக்கம் ஆறாக்கும்!"

அக்கா சாய்ந்த வண்டியை நிமிர்த்தினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு, கேட்டைச் சாத்தி, கொண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் வைத்துக்கொள்கிற முகம்.

அக்கா இங்கே இருந்தது சில வருஷங்கள்தான். முழங்கால் தேய்ந்து போய், மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது எப்போதாவது வீடியோ காலில் அந்த ஊர் ஆற்றைக் காட்டுவார். எங்கள் ஆற்றில் கால்வாசிதான் இருக்கும். அவரைப் பற்றி நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது வண்டியைத் தள்ளிக் காட்டியதற்கு மறுநாள் காலைதான்.

மழை விட்டு வெயில் அடித்த காலை. நாங்கள் கேட்டருகே வந்தபோது நாற்காலி காலியாகக் கிடந்தது. விளைக்குள்ளிருந்து மண் வெட்டுகிற சத்தம் வந்தது. சிகாமணி மாமா வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மம்மெட்டியால் பாதையை நிரப்பாக்கிக்கொண்டிருந்தார். விடியுமுன்பே இறங்கியிருக்க வேண்டும். கேட்டிலிருந்து பாதி விளை வரை கல் பொறுக்கி, வேர் வெட்டி, இருபுறமும் மரச்சீனியை ஒரு வரிசை பிடுங்கிப் போட்டிருந்தார். இரண்டு பேர் கை கோர்த்து நடக்கலாம்.

விளையின் அந்தக் கடைசியில், தன் முற்றத்து ஓரத்தில் லீலா நின்றாள். கையில் விளக்குமாறு, ஆனால் பெருக்கவில்லை. வெகு நேரமாகவே நின்றிருப்பாள் போல. நாங்கள் அசையாமல் நின்றோம். மாமா அவளைப் பார்க்காமலே வெட்டிக்கொண்டு போனார். அவளுடைய எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தென்னை மூட்டுல ஒரு குழி கெடக்கு" என்றாள் லீலா.

கேஸ் போட்ட பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை.

"கண்டேன்" என்றார் மாமா. "எனக்க விளையில குழி எங்க கெடக்குன்னு நீ சொல்லித் தரணுமா?"

"சொல்லாட்டி வண்டி சாயும்."

"சாயாம இருக்கணும்னா மண்ணு வேணும். இங்க முழுக்கக் கல்லாக்கும்."

லீலா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் பின்பக்கமாகச் சுற்றி, தலையில் ஒரு சட்டி நிறைய மண்ணோடு வந்தாள். தன்னுடைய வீட்டு மண். எல்லைக் கல்லைத் தாண்டி வந்து அந்தக் குழியில் கொட்டி, காலால் மிதித்தாள். மாமா மம்மெட்டியின் பின்பக்கத்தால் அதைத் தட்டிவிட்டார். "இன்னும் ஒரு சட்டி வேணும்" என்றார். அவள் திரும்பிப் போனாள்.

நான் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தேன். அக்கா கம்பால் என் பாதத்தில் லேசாகத் தட்டினார்.

"நாம இப்பம் உள்ள போகப்பிடாது மக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "வா, ரோட்டு வழியா நடப்போம்."